சீட்டில் முளைத்த கிளை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட நான் கட்டிச் சொல்வதில்லை. கூட்டியதும் கிடையாது, குறைத்ததும் கிடையாது. ஓர் எழுத்து பொய் என்றாலும் என் கண் அவிந்து போகட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு லேத் பட்டறை. எட்டுப் பேர் வேலை செய்தார்கள். எட்டுப் பேருக்கும் மேலே ஒரு மேஸ்திரி. பட்டறைக்குக் கூரை போடுவதற்கு முன்பே அவர் வந்துவிட்டார். அவர் தலையில் வெயில் படக் கூடாதென்றுதான் கூரையே போட்டார்கள். இரும்புக் கம்பியைப் பத்தடி தள்ளி நின்று ஒரு பார்வை பார்த்து, "நூலளவு ஜாஸ்தி" என்பார். அளந்து பார்த்தால் நூலளவு ஜாஸ்தியாகத்தான் இருக்கும். ஒரு தடவை வாசலோடு போன பஸ்ஸைப் பார்த்து, பின்சக்கரத்தில் மூன்றாவது நட்டு கால் சுற்று தளர்ந்திருக்கிறது என்று துரத்திப் போய் நிறுத்தினார். ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார். தளர்ந்திருந்தது நான்காவது நட்டு. அந்த வெட்கத்தில் மேஸ்திரி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அப்படிப்பட்ட மனிதர்.

எதிரில் அவரை மேஸ்திரி என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'கண்ணாடி' என்பார்கள். காரணம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் எவனாவது மெஷின் பக்கத்தில் நின்றால் அவருக்குப் பேய் பிடித்துவிடும். சுவரில் அவர் கையாலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தார்: "கண்ணாடி போடாதவனுக்கு வழி இந்தப் பக்கம்." பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அம்பு போகிற வழியில் பின்கதவு. பின்கதவுக்கு வெளியே ஒரு மரம், ஒரு தண்ணீர்க் குழாய். கண்ணாடி போடாமல் அகப்பட்டவன் அந்த மரத்தடியில் ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மற்ற நேரத்தில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவதும் அதே மரத்தடியில்தான். ஆனால் நிற்பது வேறு, உட்கார்வது வேறு.

அந்த வாரம் புதன்கிழமை அகப்பட்டது அவருடைய சொந்த மச்சினன். மனைவியின் தம்பி. மெஷினை நிறுத்திவிட்டு வியர்வையைத் துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றினான். கைக்குட்டை முகத்துக்குப் போவதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார்.

"மாமா, மெஷின் நின்னுட்டுது மாமா."

"மெஷின் நின்னா? அது ஒழுங்கா நிக்குது. நீயும் போய் நில்லு."

"அக்காகிட்ட சொல்லிடுவேன்."

"சொல்லு. அவளையும் கூட்டிட்டு வா. ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க."

ஒரு மணி நேரம் நின்றான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது மேஸ்திரியின் ரகசியம். ஐம்பத்தைந்து வயதில் அவருக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. தூரத்து பஸ்ஸின் நட்டு தெரியும், கைக்குக் கீழே இருக்கிற கோடு தெரியாது. அதற்கு ஒரு கண்ணாடி வாங்கி, சாப்பாட்டுப் பையின் அடியில், டப்பாவுக்குக் கீழே, துணியில் சுற்றி வைத்திருந்தார். வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சோப்பு உறையில் எழுதியிருப்பதைப் படிக்க மட்டும் அதை எடுப்பார். நூலளவு ஜாஸ்தி என்று சொல்லியே பெயர் வாங்கிய ஆள் மூக்கில் அதைப் போட்டுக்கொண்டு எட்டுப் பேர் முன்னால் எப்படி நிற்பார்? போதாததற்கு, அதைப் போட்டால் பாதுகாப்புக் கண்ணாடி அதன் மேல் உட்காராது. பாதுகாப்புக் கண்ணாடியை மட்டும் போட்டாலோ, கீறல் விழுந்த அதன் வழியாகப் பக்கத்திலிருப்பது இன்னும் மங்கல். ஆகவே யாரும் இல்லாத நேரத்தில், நுணுக்கமான வேலை வந்தால், மேஸ்திரி பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்வார். இரண்டு வருடமாக இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி. முன்வாசலில் கம்பி லோடு வந்து எட்டுப் பேரும் இறக்கப் போனார்கள். மேஸ்திரி உள்ளே தனியாக, துருப்பிடித்த போல்ட் ஒன்றின் தலையை உளி வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். உளியின் தலை அடி வாங்கி அடி வாங்கிக் காளான் குடை மாதிரி விரிந்து போயிருந்தது. அப்படி விரிந்தால் சாணை பிடித்து ஓரத்தைச் சீவ வேண்டும், இல்லையென்றால் துணுக்கு தெறிக்கும் என்று எட்டுப் பேருக்கும் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கண்ணாடி நெற்றியில் இருந்தது. மூன்றாவது அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். இடது கண்ணில் யாரோ விரலால் சுண்டிவிட்ட மாதிரி இருந்தது. வலிகூடப் பெரிதாக இல்லை.

மேஸ்திரி முதலில் பார்த்தது உளியைத்தான். அதன் விளிம்பில் எள்ளளவு இடத்தில் புதிதாக ஒரு பளபளப்பு. அங்கே இருந்தது எங்கே போயிற்று என்று அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் என்ன செய்தார்? உளியைக் கழிவு இரும்புப் பெட்டிக்குள் போட்டு, மேலே நான்கு துண்டுகளைத் தள்ளி மூடினார். அதற்கப்புறம்தான் கண்ணைப் பொத்திக்கொண்டு பின்பக்கத்துக் குழாய்க்கு ஓடினார்.

மச்சினன் கை கழுவ வந்தவன் அங்கேதான் அவரைப் பார்த்தான்.

"ஐயோ மாமா, என்ன ஆச்சு?"

மேஸ்திரி நிமிர்ந்தார். எதிரில் புதன்கிழமை மரத்தடியில் நின்றவன். தலைக்கு மேலே மரம். வாய் தானாகத் திறந்து சொல்லிவிட்டது: "கிளை. கிளை குத்திடுச்சுடா."

"கண்ணாடி நெத்தியில இருக்கே?"

"அதைத் தள்ளிவிட்டுட்டுக் குத்திடுச்சு."

முதலாளியின் வேனில் அவரை ஏற்றி, இரண்டு தெரு தள்ளியிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கே இருந்தவர் எல்லா வியாதிக்கும் ஒரே டாக்டர். டார்ச் அடித்துப் பார்த்தார். நர்ஸ் மேஸ்திரியின் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மச்சினன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"என்ன பட்டுச்சு? இரும்பா?" என்றார் டாக்டர். "இரும்பு தெறிச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் கையே வைக்காம நேரா கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடறேன், ரெண்டு மணி நேரத்துல போயிடலாம். வேற ஏதாவதுன்னா பக்கத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியிலயே பாத்துப்பாங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனைக் கேட்க முடியாது. வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில் நிறுத்தி, இது இங்கே போகும், அது அங்கே போகும் என்று கையைக் காட்டிவிட்டார். மேஸ்திரி வாயைத் திறந்தார். பக்கத்தில் மச்சினன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"கிளைதான் டாக்டர்."

டாக்டர் எழுதினார். நர்ஸ் பஞ்சை உருட்டிக் கண்மேல் வைத்து, பரிசுப் பொட்டலம் கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினாள். கட்டுக்குள் ஏதோ வெதுவெதுவென்று கசிந்தது. மேஸ்திரி அதைக் கண்ணீர் என்று நினைத்தார். நினைத்தார் என்ன, நினைத்துக்கொள்ள விரும்பினார்.

வேனில் கொஞ்ச தூரம் போனதும் மச்சினன் மெதுவாக ஆரம்பித்தான். "மாமா, அந்த மரத்துல கைக்கு எட்டுற உயரத்துல கிளையே கிடையாதே."

"உனக்கு என்னடா தெரியும்?"

"புதன்கிழமை ஒரு மணி நேரம் அண்ணாந்து அதைத்தானே பாத்துட்டு நின்னேன். மொத்தம் ஏழு கிளை. எல்லாம் ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல."

மேஸ்திரி கட்டின கண்ணோடும் கட்டாத கண்ணோடும் யோசித்தார். "காக்கா வந்து உக்காந்துச்சு. ஒண்ணு முறிஞ்சுது. விழுந்துச்சு. நான் அண்ணாந்து பாத்தேன்."

"காக்கா உக்காந்து கிளை முறியுமா?"

"பெரிய காக்காடா!"

மச்சினன் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை என்று மேஸ்திரிக்குத் தோன்றியது.

பெரிய ஆஸ்பத்திரியில் கண் பிரிவின் கதவு சாத்தியிருந்தது. கண் டாக்டர் வெளியூர் முகாமுக்குப் போயிருக்கிறார், காலையில் வருவார் என்றார்கள். பயிற்சி டாக்டர் ஒருவர் சீட்டை வாங்கிப் படித்தார், கட்டை அவிழ்த்தார், "சரிதான்" என்றார், திரும்பக் கட்டினார். ஒரு மணி நேரம் கழித்து வேறொருவர் வந்து அதையே செய்தார். எப்படி நடந்தது என்று கேட்டவருக்கு மேஸ்திரி காக்கையையும் சேர்த்துச் சொன்னார். முன்னால் இருந்த சீட்டில் கிளை இருந்தது. இந்தச் சீட்டில் கிளையோடு காக்கையும் வந்து உட்கார்ந்தது. மரத்தால் வந்த காயத்தில் பூஞ்சை பிடிக்குமென்று அதற்கு ஒரு சொட்டு மருந்து. காக்கை அசுத்தம் என்று அதற்கு ஒரு சொட்டு மருந்து. எள்ளளவு இரும்புக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அது பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் மனைவி ஓடி வந்தாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்தி, தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா தம்பி, அந்தப் பாழாப்போன மரத்தை இத்தனை வருஷமா எதுக்குடா வெச்சிருக்கீங்க?"

"மரம் என்னக்கா பண்ணும்?"

"என்ன பண்ணுமா? இதோ பண்ணியிருக்கே! நாளைக்கு வேற எவன் கண்ணையாவது குத்தட்டும்னு இருக்கீங்களா?"

மேஸ்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கண் இப்போது வலித்தது. ஆனால் அவர் திரும்பிப் படுத்தது வலிக்காக இல்லை. மனைவி போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, "பாவம், எறும்புக்குக்கூடத் துரோகம் நினைக்காத மனுஷன்" என்றாள். அந்தப் போர்வை அவருக்கு அடுப்பு மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கண் டாக்டர் வந்தார். கண்ணை அமுக்காமல் இமையைத் தூக்கிப் பார்த்த முதல் ஆள் அவர்தான். முகம் மாறியது.

"கண்மணி வட்டமா இல்ல. துளி மாதிரி ஒரு பக்கம் இழுத்துட்டுப் போயிருக்கு. கண்ணுல ஓட்டை விழுந்திருக்குது. உள்ள ஏதோ போயிருக்கு." சீட்டைப் புரட்டினார். "கிளைன்னா மரத்துணுக்காதான் இருக்கும். அதை எடுக்க இங்க வசதி இல்ல. உடனே கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

உடனே என்றால் பன்னிரண்டரை மணி. ஆம்புலன்ஸ் இருந்தது, ஓட்டுநர் சாப்பிடப் போயிருந்தார். ஓட்டுநர் வந்தார், சீட்டில் கையெழுத்து இல்லை. கையெழுத்து வந்தது, முத்திரை பூட்டின மேஜைக்குள் இருந்தது. அதற்குள் மனைவி இரண்டு பன்னும் ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தாள். சாப்பிடக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. ஆக, முந்தின நாள் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடத்துக்கு மேஸ்திரி இருபத்து நான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓர் இளம் பெண். கட்டை அவிழ்த்ததும் பல்லைக் கடித்தார்.

"இப்படி அமுக்கிக் கட்டினது யாரு? ஓட்டை விழுந்த கண்ணை அமுக்கினா உள்ள இருக்கிறது வெளியதான் வரும்."

மேஜையில் காலியாக இருந்த காகித டீக் கோப்பையை எடுத்து, அடிப்பாகத்தை விட்டுவிட்டு மீதியை வெட்டினார். அதைக் கண்மேல் படாமல் குழிவாக வைத்து, புருவத்திலும் கன்னத்திலும் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். "நேத்தே எவராவது இதை ஒட்டி நேரா இங்க அனுப்பியிருந்தா போதும். வேற ஒண்ணுமே செஞ்சிருக்க வேணாம்." பிறகு சீட்டைக் கையிலெடுத்தார். கூடத்தில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டருக்குக் குரல் கணீரென்று இருந்தது. "காக்கை உட்கார்ந்ததால் முறிந்து விழுந்த மரக்கிளை." நிமிர்ந்தார். "காக்காவா?"

நாற்பது பேரும் திரும்பினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஒரு கண்தான் திறந்திருந்தது. ஆனாலும் மேஸ்திரிக்கு எண்பது கண்ணும் தன் மேல் இருப்பதாகத்தான் பட்டது.

"பெரிய காக்கா" என்றான் மச்சினன், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

மரத்துணுக்கு எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது, காந்த ஸ்கேனில் பார்த்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரே அறைக்கும் ஸ்கேன் அறைக்கும் வெளியே ஒரே பெஞ்சு. பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர், கண்மேல் புத்தம்புதுப் பிளாஸ்டிக் மூடியோடு. கல் உடைக்கிறவராம். வலிய வந்து பேசினார்.

"எனக்கு இன்னைக்குக் காலையிலதான். உளி தெறிச்சுது. இரும்புன்னு சொன்னேன், நேரா இங்க அனுப்பிட்டாங்க. ஊசி போட்டாச்சு, மூணு மணிக்கு ஆபரேஷன். பொழைச்சுக்கும்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கு?"

"கிளை" என்றார் மேஸ்திரி. அந்தச் சொல் வாயில் ஈயம் மாதிரி இருந்தது.

"ஐயோ பாவம். என்னோடதாவது என் தப்பு, கண்ணாடி போடல. உங்க மேல என்ன தப்பு?"

கதவு திறந்தது. ஸ்கேன் எடுக்கிற அம்மா அட்டையும் பேனாவுமாக வந்தார். வரிசையாகக் கேள்வி. இதயத்தில் கருவி உண்டா, இல்லை. எலும்பில் பிளேட் உண்டா, இல்லை. மோதிரம், சங்கிலி, சாவி, எல்லாம் மனைவியிடம் போயின.

"உடம்புல வேற எங்கயாவது இரும்பு?"

"இல்ல."

"என்ன வேலை பாக்கறீங்க?"

யாரும் கேட்காத கேள்வி. மூன்று இடத்துச் சீட்டிலும் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. மூன்றிலும் கோடு போட்டிருந்தார்கள். மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "லேத் பட்டறை."

அந்த அம்மாவின் பேனா நின்றது. "ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உள்ள இருக்கிறது சாதாரணக் காந்தம் இல்ல. துப்புரவு பண்றவங்க இரும்பு வாளியோட போனா வாளி பறந்துபோய் ஒட்டிக்கும். கண்ணுக்குள்ள ஒரு துளி இரும்பு இருந்தாலும் அது அங்கயே நிக்காது. கண்ணைக் கிழிச்சுக்கிட்டுத்தான் வரும். இருக்கா, இல்லையா?"

கதவு அரைவாசி திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாகப் பெரிய வளையம் ஒன்று, டொக் டொக் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தது. மேஸ்திரியின் இடது கண் அந்தப் பக்கமாகத் தானே திரும்பியது. தலை அதன் பின்னால் போயிற்று. அவர் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்துவிட்டார். மச்சினன் தோளைப் பிடித்திருக்காவிட்டால் அவர் கால் தரையில் படாமலே உள்ளே போயிருப்பார். பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

"இருக்கு" என்றார் மேஸ்திரி.

"என்னங்க இருக்கு?" என்றாள் மனைவி.

"இரும்பு. உளித்தலை. கிளையும் இல்ல, காக்காவும் இல்ல." அவர் மனைவியைப் பார்க்கவில்லை, மச்சினனையும் பார்க்கவில்லை. பெஞ்சின் காலில் ஆடிக்கொண்டிருந்த ஒரு திருகைப் பார்த்துச் சொன்னார். "கண்ணாடியை நெத்தியில வெச்சிருந்தேன். எனக்குப் பக்கத்துல இருக்கிறது தெரியறதில்ல. ரெண்டு வருஷமா தெரியறதில்ல. பையில துணி சுத்தி ஒண்ணு வெச்சிருக்கேன், அதை உங்க முன்னால போட வெக்கம்."

கல் உடைக்கிறவர் நாகரிகமாக எழுந்து, கொஞ்சம் தள்ளிப் போய், ஒன்றும் எழுதாத சுவரைப் படித்துக்கொண்டு நின்றார்.

மச்சினன் சட்டைப்பையிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து மேஸ்திரியின் மடியில் வைத்தான். "நேத்து நர்ஸ் என் கையில குடுத்தப்பவே தெரியும் மாமா. புதுசா ஒரு கீறல்கூட இல்ல."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"நீங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டிருந்தீங்களே. மாமா பேசும்போது நடுவுல எப்படிப் பேசறது? அப்புறம், சொல்லிடுவீங்க, சொல்லிடுவீங்கன்னு ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் காத்திருந்தேன்." அவன் குரல் உடைந்தது. "நானும்தான் கேணையன் மாதிரி நின்னுட்டேன்."

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். மரியாதைக்காக ஒருவன் வாயை மூடிக்கொண்டான், அந்த மரியாதையில் தன் கண் ஒரு நாள் முழுக்க அழுகியது என்று தெரிந்தபோது, அந்த மரியாதையை எங்கே வைப்பதென்று மேஸ்திரிக்குத் தெரியவில்லை. மடியிலிருந்த கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

டாக்டர் ஓடி வந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்புப் படத்தில், கண் இருக்கிற இடத்தில், வெள்ளையாக எள்ளளவு ஒரு புள்ளி. டாக்டர் பழைய சீட்டுகளை மேஜையில் வீசினார்.

"முதல் ஆள் எழுதினதை ரெண்டாவது ஆள் பாத்து எழுதியிருக்காங்க, அதைப் பாத்து மூணாவது ஆள். ஒருத்தராவது உங்களை ஒழுங்கா உக்கார வெச்சுக் கேக்கல. ஒரு நாள் வீணாப் போச்சு."

நழுவிக்கொள்ள நல்ல வழி. கதவையே திறந்துவிட்டார்கள். மேஸ்திரி அந்தப் பக்கம் போகவில்லை.

"கேட்டாங்கம்மா. முதல் டாக்டர் நேருக்கு நேராக் கேட்டாரு. இரும்புன்னா நேரா இங்க அனுப்பறேன்னும் சொன்னாரு. நான்தான் கிளைன்னு சொன்னேன்."

டாக்டர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"காலையில ஒரு டீ, ஒரு பன்" என்றாள் மனைவி.

"ரெண்டு பன்" என்றார் மேஸ்திரி. உண்மை ஒரு தடவை வெளியே வந்தால் பிறகு நிற்காது போலிருக்கிறது. "பன்னெண்டு மணிக்கு. அப்புறம் இவ பாத்ரூம் போனப்ப மூணு பிஸ்கட். அப்புறம் டேய், மூணு வருஷம் முன்னால டிரில்லிங் மெஷினை உடைச்சது நீ இல்ல, நான். உன் மேலதான் பழி போட்டேன்."

"தெரியும் மாமா."

"அதுவும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் மாமா."

வயிறு காலியாக ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும், மயக்க மருந்துக்கு வேறு வழியில்லை என்றார் டாக்டர். அந்த ஆறு மணி நேரத்தின் நடுவில்தான் மனைவிக்கு ஏதோ ஞாபகம் வந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி?"

"காலையில பட்டறைக்குப் போன் பண்ணினேங்க. அந்த மரத்தை..."

மச்சினன் போன் போட்டான். அந்தப் பக்கத்தில் ஏழு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். மேஸ்திரி கண்ணைக் குத்தின மரத்தை ஒரு வேளைக்குள் சாய்த்துவிட்டார்கள். சம்பளமில்லாத சனிக்கிழமையில், போன் வந்ததும் ஒருவர் விடாமல் வந்து, மாறி மாறிக் கோடாலி பிடித்திருக்கிறார்கள். மேஸ்திரிகிட்ட குடு, நாங்களே சொல்றோம் என்றார்கள். மச்சினன் போனை அவர் பக்கம் நீட்டினான். மேஸ்திரி வாங்கவில்லை. காகிதக் கோப்பை ஒட்டிய முகத்தை முழங்காலுக்கு நடுவில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சினன்தான் போனில், "ரொம்ப சந்தோஷப்படறாரு" என்றான். அதுதான் இந்தக் கதையில் மச்சினன் தானாகச் சொன்ன ஒரே பொய்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டரை மணிக்கு ஆபரேஷன் முடிந்தது. எடுத்த இரும்பை ஒரு சின்னக் குப்பியில் போட்டு மேஸ்திரியிடமே கொடுத்தார்கள். நான்காம் நாள் கட்டுப் பிரித்து எழுத்துப் பலகை முன்னால் நிறுத்தினார்கள். மேஸ்திரி இடது கண்ணால் கடைசி வரிவரை படித்தார். அதற்கும் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் விலாசத்தையும் படித்தார். டாக்டர் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை என்றார்.

அடுத்த நாள் மேஸ்திரி பட்டறைக்குப் போனார். மூக்கில் வெள்ளெழுத்துக் கண்ணாடி, அதன் மேலே உட்காருகிற மாதிரி மச்சினன் தேடிப் பிடித்து வாங்கின பெரிய பாதுகாப்புக் கண்ணாடி. எட்டுப் பேரையும் கூப்பிட்டு, கழிவு இரும்புப் பெட்டியிலிருந்து அந்த உளியை எடுத்துக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். பிறகு சிவப்பு அம்பு காட்டின வழியே பின்பக்கம் போய், நிழலே இல்லாத இடத்தில், வெட்டின அடிமரத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். நிற்க நிற்க அடிமரம் துளிர்த்தது. அரை மணியில் இடுப்புக்கு வந்தது. ஒரு மணி ஆகும்போது அவர் தலைக்கு மேலே ஏழு கிளை இருந்தது, மச்சினன் எண்ணிப் பார்த்துச் சொன்னான். ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. கிளை முறியவில்லை.

இதைப் படித்துவிட்டு என்னைப் பார்க்க வருகிறவர்கள் வலது பக்கமாக வந்து உட்காருங்கள். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்கு இடது கண் தெரியாது.